கோணிப் பசுவும் புடவை கட்டிய குதிரையும்

நர்சரி டீச்சர் வேலையில் பிள்ளைகளைக்கூடச் சமாளித்துவிடலாம். ஆண்டு விழா வந்து அவர்களுடைய அப்பா அம்மாக்களைச் சமாளிக்க நேரும்போதுதான் தொழில் என்னவென்று தெரியும். இதைப் படிக்கும் சக டீச்சர்மார்கள் இப்போதே ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். விடுங்கள். நானும் விட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீடு விழுப்புரத்தில், பள்ளி திண்டிவனத்தில். காலை பாசஞ்சரில் நானும் என் ஐந்து வயது மகள் புவனாவும் போய் வருகிறோம். நான் டீச்சர், அவள் யு.கே.ஜி. சிஸ்டர்கள் நடத்தும் சின்னப் பள்ளி. டவுன் பிள்ளைகள் பாதி, கிளியனூர்ப் பக்கத்துக் கிராமப் பிள்ளைகள் பாதி. வருஷா வருஷம் ஆண்டு விழாவில் நடப்பது இதுதான்: தன் பிள்ளையின் டான்ஸ் முடிந்ததும் அந்தக் குடும்பம் எழுந்து போய்விடும். கடைசி நிகழ்ச்சியைப் பார்க்க மைக் செட்டுக்காரரும் வாட்ச்மேனும்தான் மிஞ்சுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வைத்தால் டி.வி.யில் படம் என்று அவர்களும் இருக்க மாட்டார்கள்.

இந்த வருஷம் ஸ்டாஃப் ரூமில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் போர்டிங்கில் படித்தபோது வெள்ளைக்கார சிஸ்டர் ஒருவர் கிறிஸ்துமஸுக்கு பான்டோமைம் போடுவார் என்று சொல்லிவிட்டேன். கதையை ஒருவர் மைக்கில் சொல்ல, மற்றவர்கள் பேசாமல் நடிப்பார்கள். ஒரே மாட்டுத் துணிக்குள் இரண்டு பேர் புகுந்து, ஒருவர் முன்னங்கால், ஒருவர் பின்னங்கால் என்று நடப்பார்கள். கீழே இருப்பவர்கள் தொண்டை வற்றக் கத்துவார்கள். பெரிய சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்: "நல்லது மாலதி. ஒவ்வொரு பிள்ளையோடும் வீட்டு ஆள் ஒருவர் மேடை ஏறட்டும். அப்போது எழுந்து எங்கே போவார்கள்? நீங்களே நடத்துங்கள்."

ஈயின் நிபந்தனை

கதையாக, பெயரை மறந்த ஈயை எடுத்துக்கொண்டோம். நம் எல்லார் வீட்டிலும் சொல்கிற கதைதான். வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈக்குத் தன் பெயர் மறந்துபோகிறது. கன்றுக்குட்டியைக் கேட்கிறது, பசுவைக் கேட்கிறது, மேய்க்கிறவரை, மரத்தை, கொக்கை, குளத்தை என்று கேட்டுக்கொண்டே போகிறது. யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் குதிரை 'ஈஈஈ' என்று கனைக்க, அந்தக் கனைப்பிலேயே ஈக்குத் தன் பெயர் கிடைத்துவிடுகிறது. ஊமை நாடகம் என்றாலும் ஈக்கு மட்டும் ஒரு வசனம் உண்டு: "என் பேரு என்ன?" குதிரைக்கு ஒரு கனைப்பு.

மைக்கைப் பார்த்து அழாத ஒரே பிள்ளை புவனா என்பதால் ஈ அவள்தான் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். அவளுடைய வீட்டு ஆள்? அவள் அப்பாவுக்கு ரயில்வேயில் ஷிஃப்ட் டியூட்டி, லீவு கிடைக்காது. எனக்கோ பல்லி, கரண்ட், மாமியார், மைக் எல்லாமே பயம். இங்கிலீஷில் தடங்கலில்லாமல் பேசக் கற்றுக்கொடுத்த அதே கான்வென்டில், மேடையேறி, வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, இறங்கி வந்தவள் நான். அதற்குப் பிறகு எந்த மேடையிலும் என் செருப்புகூட ஏறியதில்லை. புவனா இதெல்லாம் கேட்கவில்லை. "கடைசீல குதுர நீதான் வரணும். நீ வரலன்னா நான் ஈ இல்ல" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். சரி என்று தலையை ஆட்டினேன். ஆட்டும்போதே வேறு குதிரை தேடுவதென்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

என் மாமியாருக்கு வேறு கவலை. "ஊர்ல எத்தினி வேஷம் கீது. ராணி கீது, தேவதை கீது. எம் பேத்திக்கு ஈயா? குப்பையில குந்துற ஈயா?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது, பெட்டியில் மடிப்புக் கலையாமல் வைத்திருந்த அவருடைய நைலக்ஸ் புடவையின் முந்தானையைக் காணோம். அது துடைப்பக்குச்சியில் இழுத்துக் கட்டிய இரண்டு இறக்கைகளாகச் சுவரில் சாய்ந்திருந்தது. நான் வாய் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "ஈன்னாலும் நம்ம வூட்டு ஈ. பளபளன்னு இருக்கணும்."

முன்னங்கால் யாருடையது?

பசுவுக்கு இரண்டு அப்பாக்கள் தேவை. சீட்டுக் குலுக்கிப் போட்டோம். ஒரு சீட்டில் கோவிந்தசாமி. கிளியனூர்ப் பக்கத்தில் கிணறு, பம்ப்செட், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலைக் கொல்லை எல்லாம் உள்ளவர். இன்னொரு சீட்டைப் பிரித்ததும் மறுபடி மடித்துவிட்டேன். முருகேசன். அந்தக் கொல்லையிலேயே வேலை செய்கிறவர். கோவிந்தசாமியின் மகனும் முருகேசனின் மகள் கலாவும் என் வகுப்பில் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். ஆனால் ஊரில் ஒருவர் எதிரே வந்தால் இன்னொருவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிடுவார். இவர்கள் இரண்டு பேரையும் ஒரே கோணிக்குள் எப்படி நுழைப்பது? சீட்டை மறுபடி குலுக்கலாமா என்று சிஸ்டரிடம் கேட்டேன். "சீட்டுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டு ஜெபத்துக்குப் போய்விட்டார்.

கோவிந்தசாமி கோபப்படுவார் என்று பயந்துகொண்டே இருந்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "பங்காளிங்கள்லாம் பாக்க வருவானுங்க டீச்சர். எனக்குப் பின்னங்கால் குடுத்துடுங்க, மூஞ்சி தெரியாது" என்றார். நான் நிம்மதியாக மூச்சுவிட்ட நேரத்தில் மறுத்தது முருகேசன். "ஐயோ, நான் முன்னால நிமுந்து நடக்க, அவரு எம் பின்னால குனிஞ்சிக்கினு வர்றதா? வேணாங்க டீச்சர். நாளப் பின்ன நான் ஊருக்குள்ள நடக்கணும்ங்க." அழாத குறையாகச் சொன்னார். கலா அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள், அவள்தான் கன்றுக்குட்டி. கடைசியில் கோவிந்தசாமிதான் கோணியைத் தூக்கி முருகேசன் தலைமேல் போட்டார். "உள்ள யாரு முன்ன, யாரு பின்னன்னு வெளிய தெரியவா போவுது? வாய மூடிக்கினு நடடா."

மாட்டுக்குள் ஒரு பேச்சு

நாலு மல்லாட்டைக் கோணிகளைப் பிரித்து ஒட்டுத் தைத்ததுதான் எங்கள் பசு. என்ன உதறினாலும் தூசி போகவில்லை. முதல் ஒத்திகையில் முன்னங்கால் தும்மினால் பின்னங்கால் நின்றுவிடும். பின்னங்கால் தும்மினால் முன்னங்கால் மட்டும் தனியாகப் போய்விடும். நடுவில் வயிறு இழுபடும். பிள்ளைகள் தரையில் புரண்டு சிரித்தார்கள்.

நாலைந்து ஒத்திகையில் நடை சேர்ந்துவிட்டது. அப்புறம் புதுத் தொல்லை. மாடு பேச ஆரம்பித்தது. பெரிய சிஸ்டர் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே வயிற்றுக்குள்ளிருந்து, "ராத்திரியில வர்ற கரண்ட்டுக்கு நான் எத்தினி வாட்டி எழுந்து மோட்டார் போடுறது? ஒரு நாளாவது உம் பெரிய மவன அனுப்பேன்யா" என்று முன்னங்கால் கேட்கிறது. "அனுப்புறேன், அனுப்புறேன், மெதுவா நட, இடுப்புப் புடிச்சிக்கிச்சி" என்கிறது பின்னங்கால். மாடு பேசக்கூடாது என்று கெஞ்சினேன். கோவிந்தசாமி கோணியைத் தூக்கி, வேர்த்து வழிகிற முகத்தை மட்டும் வெளியே நீட்டினார். "பேசட்டும் டீச்சர். இத்தினி வருசத்துல இவன் இவ்ளோ பேசி நான் கேட்டதே இல்ல. மூஞ்சி தெரியலன்னா நல்லாத்தான் பேசுறான்."

ஒற்றைக்கால் அனுபவம்

கொக்காக வந்தவர் ஒரு பஸ் கண்டக்டர். ஒல்லியாக, நெட்டையாக, கடவுளே கொக்குக்கென்று செய்து அனுப்பியது போல இருந்தார். அவருடைய முறை வரும்வரை ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். வலித்தால் காலை மாற்றிக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்தேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "இன்னா டீச்சர், முகூர்த்த நாளு கூட்டத்துல திண்டிவனத்துலேர்ந்து விழுப்புரம் வரிக்கும் படியில தொங்கிக்கினு டிக்கெட் கிழிக்கிறவன் நானு. அப்போ ரெண்டு காலு வைக்க எடம் யாரு குடுத்தா?"

வாடகைக் குதிரை

இப்போது என் ரகசிய ஏற்பாடு. எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி வருகிற குதிரை வண்டிக்காரர் காதர் பாய். அவருடைய பேத்தியும் எங்களிடம்தான் படிக்கிறாள் என்பதால் விதியையும் மீறவில்லை. கனைக்கச் சொன்னேன். கையைக் குவித்து வாயில் வைத்து ஒரு கனைப்புக் கனைத்தார் பாருங்கள், கேட்டுக்கு வெளியே வண்டியில் பூட்டியிருந்த நிஜக் குதிரை பதில் குரல் கொடுத்தது. எல்.கே.ஜி. மொத்தமும் அழுதது. இதற்கு மேல் என்ன வேண்டும்? அட்டையில் செய்த குதிரைத் தலையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். புவனாவிடம் மட்டும் சொல்லவில்லை. ஒத்திகையில் குதிரை இடம் வரும்போதெல்லாம், "அம்மா ஆண்டு விழா அன்னிக்கு வருவா" என்று அவளே சிஸ்டருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆண்டு விழா அன்று சாயங்காலம், சீரியல் லைட்டுகள் எரிய ஆரம்பித்த நேரத்தில் காதர் பாயின் பேத்தி அட்டைத் தலையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் பாய் வரவில்லை. மூச்சு வாங்க, ஒப்பித்துக்கொண்டு வந்ததை அப்படியே சொன்னாள்: "நம்ம குதுரைக்கு வவுத்து நோவாம். பேஜாராக் கீதாம். அத உட்டுட்டு வர முடியாதாம். டீச்சரம்மாவ ஜல்தி வேற குதுர பாத்துக்கச் சொன்னாரு தாதா."

ஊரே சொன்ன பதில்

வேறு குதிரை தேட நேரமில்லை. மேடைக்குப் பக்கவாட்டில், படுதாவின் மறைவில் அட்டைத் தலையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மைதானத்தில் இத்தனை கூட்டத்தை எங்கள் பள்ளி பார்த்ததில்லை. அப்பா நடிக்கிறார் என்று சித்தப்பா, அத்தை, பங்காளி எல்லாரும் வந்திருந்தார்கள். முதல் வரிசையில் என் மாமியார், பேத்தியின் இறக்கையைப் பக்கத்திலிருப்பவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

இத்தனை நாள் ஒத்திகையில் யாருக்கும் தோன்றாத ஒரு தப்பு, நாடகம் தொடங்கியதும் வெளிப்பட்டது. புவனா கன்றுக்குட்டியிடம் போய், "என் பேரு என்ன?" என்று கேட்டாள். மைதானத்தில் இருந்த அத்தனை பிள்ளைகளும் எழுந்து, "ஈ!" என்று கத்தினார்கள். கதைதான் எல்லாருக்கும் தெரியுமே! முதல் நிமிஷத்திலேயே ஈக்குப் பெயர் கிடைத்துவிட்டது. பசு, கொக்கு, குளம் எல்லாம் வரிசையில் நிற்க, நாடகம் முடிந்துவிட்டது. சிஸ்டர் மைக்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் படுதாவைப் பார்த்தேன். புவனா மட்டும் இறக்கைகள் ஆட மேடை விளிம்புக்கு வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கூட்டத்தை அதட்டினாள்: "உங்கள யாரு கேட்டா? நான் கன்னுக்குட்டியத்தான கேட்டேன்? வாயில கைய வெய்யிங்க!"

தையல் விட்டது

கூட்டம் வாயில் கை வைத்தது. பெரியவர்களும் வைத்தார்கள். கன்றுக்குட்டி கலா தெரியாதென்று தலையாட்டிவிட்டு, தாயைக் கூப்பிட ஓடி பசுவின் வாலைப் பிடித்து இழுத்தாள். ஒத்திகையில் மெதுவாக இழுப்பாள். அன்று கூட்டத்தைப் பார்த்த உற்சாகம். முழு பலத்தோடு இழுத்துவிட்டாள். கோணி நடுவில் கிழிந்து, பின்பாதி அப்படியே அவள் கையோடு வந்துவிட்டது. முன்னால் நெஞ்சை நிமிர்த்தி முருகேசன். அவர் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி, சீரியல் லைட் வெளிச்சத்தில் ஊருக்கே தெரிய கோவிந்தசாமி.

சிரிப்பு வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பங்காளிகள் உட்கார்ந்திருந்த பக்கம் எல்லாரும் மேடையையே முறைத்தார்கள். முருகேசன் மாட்டுத் தலையோடே விலகப் பார்த்தார். ஆனால் கோவிந்தசாமியின் பிடி விடவில்லை. அவர் குனிந்த வாக்கிலேயே கழுத்தை மட்டும் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்து, ஊமை நாடகம் என்பதையெல்லாம் மறந்து சத்தமாகக் கேட்டார்: "இன்னா அப்பிடிப் பாக்குறீங்க? உங்க வூட்டு மாடெல்லாம் முன்னங்கால்லயே நடக்குதா?"

கனைப்பு

அப்புறம் வந்த சிரிப்பில் பந்தல் கழி ஆடியது. மேய்க்கிறவர், மரம், கொக்கு, குளம் எல்லாம் கைதட்டலில் மிதந்து போயின. எனக்கு எதுவும் காதில் விழவில்லை. புவனா கடைசி இடத்துக்கு வந்து, காலியான மூலையைப் பார்த்து, "குதுரையே, என் பேரு என்ன?" என்றாள். நான் நகரவில்லை. மறுபடி கேட்டாள். அவளுக்கு உதவி செய்யக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை. அவள் அதட்டியிருந்தாளே, எல்லாரும் சத்தியம் செய்தது போல வாயில் கை வைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் முறை குரல் உடைந்தது. அத்தனை பேர் நடுவில் என் பெண் பேரில்லாமல் நின்றாள். நான் போகாவிட்டால் அப்படியேதான் நிற்பாள். பக்கத்தில் பாதிக் கோணியோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த கோவிந்தசாமி என் அட்டைத் தலையைப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து, வழிவிட்டார்.

எப்படிப் போனேனென்று தெரியாது. போய்விட்டேன். வாயைத் திறந்தேன். வந்தது கனைப்பில்லை, கதவுக் கீல் சத்தம். புவனா முகம் மலர்ந்துவிட்டது. ஆனாலும் தொழிலில் கறார். "கேக்கல. சத்தமா" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு, பல்லி, கரண்ட், மாமியார், மைக் எல்லாவற்றையும் சேர்த்துக் கனைத்தேன். மைதானத்தின் கடைசியில் குழந்தைகள் அழுதார்களாம். அவள் இறக்கையை அடித்துக்கொண்டு குதித்து, "நான் ஈ!" என்று கத்த, அடக்கி வைத்திருந்த கூட்டம் முழுவதும் அதையே கத்தியது. ஒருவரும் எழுந்து போகவில்லை. கீழே இறங்கியதும் மாமியார் என் தலையிலிருந்த அட்டையைக் கழற்றி, கலைந்த கொசுவத்தைச் சரி செய்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "நல்லாத்தான் கனைச்ச. வூட்ல ஒரு வார்த்த சத்தமாப் பேச மாட்ட, இவ்ளோ தொண்டைய எங்க வச்சிருந்த?"

மறுநாள் காலை காதர் பாய் வழக்கம்போலப் பிள்ளைகளை இறக்கிவிட்டார். குதிரை தெளிவாக நின்று புல் தின்றுகொண்டிருந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கேள்விப்பட்டேன் டீச்சரம்மா. நீங்க கனைச்ச அந்த நேரத்துலதான் இது சட்டுன்னு காத நிமித்திச்சி, எழுந்து நின்னுடுச்சி. வயித்து நோவு போயே பூடுச்சி" என்றார்.

அடுத்த வருஷத்துக்குப் பெரிய சிஸ்டர் இப்போதே சிங்கம் உள்ள கதையாகத் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து, எனக்குப் பழைய பயமெல்லாம் பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது.